ஆக்ஸிஜன் தனி!

பொம்மைக் கார் வாங்கினால் அட்டை டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'பேட்டரி தனி' என்று போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் கண்ணில் படும். குழந்தை அழும். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போவார். அந்த வாசகத்தை லேசாக மாற்றி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்'. ஊர் தருகிறோம், ஆள் தருகிறோம், பாறையைத் தோண்டக் கருவி தருகிறோம். மூச்சுக்காற்று மட்டும் தனி.

கனடாவின் வான்கூவரில் இருக்கும் க்ளை என்டர்டெய்ன்மென்ட் கம்பெனியின் தயாரிப்பு. 2017ல் அரைகுறையாக வெள்ளோட்டம் விட்டு, 2019 ஜூலையில் முழுசாக வெளியிட்டார்கள். இதில் துப்பாக்கி கிடையாது. கார் ரேஸ் கிடையாது. வில்லன்கூடக் கிடையாது. ஒரு விண்கல்லின் வயிற்றுக்குள் ஒரு அச்சு யந்திரம். அதிலிருந்து மூன்று பேரை அச்சடித்து வெளியே விடுகிறார்கள். 'டூப்ளிகன்ட்' என்று பெயர். நாம் டூப்பு என்று வைத்துக்கொள்வோம். பெரிய தலை, சின்னக் கால், திருதிருவென்று முழி. சுற்றிலும் பாறை. பாறைக்குள் பாசி, கரி, செம்புத் தாது, மணல், அங்கங்கே ஒரு குட்டைத் தண்ணீர். இதை வைத்துக் குடித்தனம் நடத்த வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அவ்வளவுதான் என்றேனே தவிர, இந்தப் பொம்மைகளைக் காப்பாற்ற முடியாமல் ராத்திரி மூணு மணிவரை முழித்துக்கொண்டிருக்கும் இன்ஜினீயர்களை எனக்குத் தெரியும்.

கணக்கைச் சொல்கிறேன். பி.காம். படித்தவன் வேறு எதைச் சொல்வான்? ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 600 வினாடி, அதாவது 10 நிமிஷம். ஒரு டூப்பு வினாடிக்கு 100 கிராம் ஆக்ஸிஜன் இழுக்கும். நாளைக்கு 60 கிலோ. (நிஜ மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகவே போதும். இவர்கள் அத்தனையையும் என்ன செய்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. ஆபீசில் சிலர் டீ இழுப்பதை நாம் கேட்கிறோமா?) ஆரம்ப நாட்களில் இந்த 60 கிலோவுக்கு முக்கியமான வழி பாசி. வினாடிக்கு 550 கிராம் பாசியைத் தின்று 500 கிராம் ஆக்ஸிஜனை விடும் யந்திரம் ஒன்று உண்டு. ஆக, ஆளுக்கு நாளைக்கு 66 கிலோ பாசி. மூன்று பேருக்கு 198 கிலோ. சுவரைத் தோண்டினால் டன் டன்னாகப் பாசி. முதல் 10 நாள் ராஜபோகம்.

ஆனால் இந்த ஆட்டத்திலும் பொடி எழுத்து உண்டு.

முதலாவது, தோண்டினால் பாதி போய்விடும். பாறையில் ஒரு கட்டத்தில் 400 கிலோ பாசி இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டூப்பு வந்து விறுவிறுவென்று தோண்டும். கீழே விழுவது 200 கிலோதான். மீதி 200 எங்கே? எங்கேயும் இல்லை. தோண்டுகூலி மாதிரி கழிந்துவிட்டது. பாசி, கரி, செம்பு, பனிக்கட்டி எல்லாவற்றுக்கும் இதே விதி. பனிக்கட்டியைத் தோண்டாமல், இருக்கிற இடத்திலேயே உருக விட்டால் முழுத் தண்ணீரும் கிடைக்கும். பொறுமை இருக்கிறவனுக்கு நூறு, அவசரக்காரனுக்கு ஐம்பது.

இரண்டாவது, அந்த அச்சு யந்திரம். மூன்று நாளைக்கு ஒரு தடவை மினுக்கும். 'புது ஆள் தயார், வேண்டுமா?' என்று கேட்கும். சில சமயம் ஆளுக்குப் பதில் பொருள் மூட்டை கொடுக்கும். ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லலாம். முதல் தடவை ஆடுகிற யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரு ஆள் வந்தால் இன்னும் வேகமாகத் தோண்டலாமே! வேகமாகத் தோண்டினால் கிடங்கில் பாசி ஏறும். கிடங்கில் பாசி ஏறினால் இன்னும் ஒரு ஆளை வாங்கலாம். மானேஜர்கள் டிபார்ட்மென்டை வளர்ப்பது இப்படித்தான்.

கிடங்கில் ஏறும் அந்தப் பாசி வருமானமா, மூலதனமா? இந்த ஆட்டம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். கல்லூரியில் 'வேஸ்டிங் அஸெட்' என்று ஒரு அத்தியாயம் நடத்துவார்கள். கரையும் சொத்து. சுரங்கம், கல்குவாரி, எண்ணெய்க் கிணறு இதெல்லாம் அதில் சேர்த்தி. யந்திரம் தேய்ந்தால் புதுசு வாங்கலாம். சுரங்கம் தீர்ந்தால் புதுசு வாங்க முடியாது. அதனால் எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு மூலதனம் போயிற்று என்று தனியாக எழுதிக்கொண்டு வர வேண்டும். போட்ட பணத்தை மொத்த இருப்பால் வகுத்தால் ஒரு டன்னின் பங்கு வந்துவிடும். இரண்டு வரிக் கணக்கு. அந்த அத்தியாயத்திலிருந்து பரீட்சையில் கேள்வி வருவது அபூர்வம் என்பதால் யாரும் படிப்பதில்லை.

என் மச்சினனும் படிக்கவில்லை. அவன் காஸ்ட் அக்கவுன்டன்சி இன்டர் எழுதிக்கொண்டிருக்கிறான். எழுதிக்கொண்டிருக்கிறான் என்றால், ஜூனில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை பரீட்சை வருகிறது, இவனும் போய்வருகிறான். போன மாதம் ஒரு சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

"மாமா, ஆக்ஸிஜன் பத்தலை."

"டாக்டர்கிட்ட போகாம இங்க ஏன்டா வந்தே?"

"எனக்கில்ல மாமா. என் ஊருக்கு."

ஊரைக் காட்டினான். 72ஆம் நாள். 14 டூப்புகள். டூப்புகளுக்கு இஷ்டப்பட்ட பெயர் வைக்கலாம் என்பதால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் இறக்கியிருந்தான். அவன் அக்காவுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. சித்தப்பா சமையல். என் பெயரிலும் ஒன்று இருந்தது. அதற்குக் கக்கூஸ் கழுவும் உத்தியோகம்.

"இது யதேச்சையா வந்ததா?"

"ஆமா மாமா, யாருக்கு எது வருமோ அதுதானே குடுக்கணும்."

அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு இருப்பைக் கேட்டேன். கிடங்கில் 11 டன் பாசி. பாறைக்குள் கண்ணுக்குத் தெரிகிற பாசி இன்னும் 8 டன். "19 டன் இருக்கு மாமா. ஆனாலும் அப்பப்ப மூச்சு முட்டுது, ஏன்னே தெரியலை." பேப்பர் எடுக்கச் சொன்னேன். 14 பேருக்கு ஆளுக்கு 66 கிலோ, நாளைக்கு 924 கிலோ. பாறைக்குள் இருக்கும் 8 டன்னைத் தோண்டினால் 4 டன்தான் தேறும். ஆக மொத்தம் 15 டன். 924ஆல் வகுத்தால் 16 நாள். நம் கடிகாரத்தில் 2 மணி 40 நிமிஷம். மாட்னி ஷோ விடுவதற்குள் ஊர் காலி.

மச்சினன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காஸ்ட் அக்கவுன்டன்சி ரத்தம் விழித்துக்கொண்டது.

"மாமா, லீ வெர்சஸ் நூஷாட்டெல் அஸ்பால்ட் கேஸ் இருக்கே. 1889. வேஸ்டிங் அஸெட்டுக்கு ஒதுக்காமலே டிவிடெண்ட் குடுக்கலாம்னு தீர்ப்பு."

ஆச்சரியமாக இருந்தது. அத்தியாயத்தைப் படிக்காதவன் கேஸை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறான். கேஸ் நிஜம்தான். சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல் பகுதியில் தார்ப்பாறை வெட்டும் உரிமை வாங்கிய ஒரு இங்கிலாந்துக் கம்பெனி. வருஷா வருஷம் பாறை குறைந்துகொண்டே வருகிறது. அதற்கு ஈடாக ஒரு தொகையை ஒதுக்கி வைக்காமல் லாபம் என்று எடுத்துப் பங்கு போடுகிறார்களே என்று லீ என்கிற பங்குதாரர் கோர்ட்டுக்குப் போனார். போடலாம், தப்பில்லை என்று அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. கம்பெனி ஒரு நாள் மூடத்தான் போகிறது, பங்குதாரர்களும் அது தெரிந்துதான் பணம் போட்டார்கள் என்கிற மாதிரியான நியாயம். (நம் நாட்டில் 1960ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, தேய்மானம் ஒதுக்கிவிட்டுத்தான் டிவிடெண்ட் என்று கட்டாயமாக்கினார்கள்.)

"கம்பெனி மூடினா பங்குதாரர் வீட்டுக்குப் போய் வேற வேலை பார்ப்பாரு. உன் சித்தப்பா எங்கடா போவாரு? விண்கல்லுக்கு வெளியவா?"

மச்சினனிடம் பதில் இல்லை. அவன் மூன்று நாளைக்கு ஒரு டூப்பு வீதம் 11 பேரை வாங்கியது எல்லாமே மூலதனத்திலிருந்து கொடுத்த டிவிடெண்ட். பாசிச் சுவரை உடைத்துக் கிடங்கில் போட்டதும் அது சம்பாத்தியம் மாதிரித் தெரிந்துவிட்டது. ஆபீசில் பி.எஃப். பணத்தை எடுத்துப் புது போன் வாங்கிவிட்டு 'போனஸ் வந்துச்சு' என்று சொல்லித் திரியும் ஆசாமியும் இதே ரகம்.

நிஜ உலகில் இதற்கு ஒரு முழு நாடே உதாரணமாக இருக்கிறது. பசிபிக் கடலில் நவ்ரு என்று ஒரு தீவு. 21 சதுர கிலோமீட்டர். ஒரு சைக்கிள் இருந்தால் காலையில் கிளம்பி டிபனுக்குள் சுற்றி வந்துவிடலாம். தரையெல்லாம் பாஸ்பேட். உரத்துக்கு அவ்வளவு கிராக்கி. 1968ல் சுதந்திரம் வாங்கி, 1970ல் சுரங்கத்தையும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். எழுபதுகளில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று பார்த்தால் உலகத்தின் முதல் வரிசை நாடுகளில் ஒன்று. பாஸ்பேட் தீர்ந்தால் வேண்டுமே என்று ஒரு நிதியும் வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். அந்த நிதியைத்தான் கண்ட இடத்தில் போட்டார்கள். 1993ல் லண்டனில் லியோனார்டோ டாவின்சியின் காதலைப் பற்றி ஒரு பாட்டு நாடகத்துக்கு நவ்ரு பணம் போட்டது. படுத்துவிட்டது. இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் பாஸ்பேட்டும் ஏறக்குறையத் தீர்ந்தது. நடுத்தீவு முழுக்கச் சுரண்டப்பட்ட சுண்ணாம்புப் பாறைகள் பல் மாதிரி நிற்கின்றன. அதே சமயம் நார்வேக்காரர்கள் 1990ல் சட்டம் போட்டு, 1996லிருந்து எண்ணெய்ப் பணத்தை ஒரு நிதியில் சேர்த்தார்கள். அசலைத் தொடாமல், அது ஈட்டும் அளவுக்குள்தான் பட்ஜெட்டுக்கு எடுப்பது என்று 2001ல் ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள். தோண்டியதை அவர்கள் அசல் என்று எழுதினார்கள், நவ்ரு வரவு என்று எழுதியது.

ஊருக்கு வருவோம். 16 நாள் கெடு. ஒவ்வொரு பொருளாக எடுத்து, எது எரிந்து போகும், எது போகாது என்று இரண்டாகப் பிரித்தோம்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. கட்டியதை இடித்தால் போட்ட பொருள் முழுசும் திரும்பி வரும். 400 கிலோ தாது போட்டுப் பம்ப் கட்டி, 50 நாள் ஓட்டிவிட்டு இடித்தால் 400 கிலோ தாது தரையில் கிடக்கும். தேய்மானம் பூஜ்யம். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார், ஆனால் விண்கல்லில் அதுதான் சட்டம். ஆக செம்பும் தங்கமும் தொலைவதில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். தொலைவது பாசியும் கரியும். நிறைய பேர் செம்புத் தாதுவைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு கரியை வாரி இறைப்பார்கள்.

மச்சினனும் இறைத்திருந்தான். இரண்டு கரி ஜெனரேட்டர். ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒரு கிலோ கரி தின்று 600 வாட் தரும். நாள் முழுக்க ஓடினால் இரண்டும் சேர்ந்து 1,200 கிலோ கரி. பேட்டரி நிரம்பின பிறகும் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாத ஹாலில் ஃபேன் ஓடுகிற மாதிரி. இதற்கு 'ஸ்மார்ட் பேட்டரி' என்று ஒரு வைத்தியம். நிரம்பியதும் ஜெனரேட்டரை அணைத்துவிடும். ஆனால் அதற்கு 200 கிலோ சுத்த உலோகம் வேண்டும். பாறை நொறுக்கும் யந்திரத்தில் தாதுவைப் போட்டால் பாதி உலோகம், பாதி மணல். 400 கிலோ தாது உள்ளே போய் 200 கிலோ உலோகம் வந்தது. மணலை ஓரமாகக் குவித்து வைக்கச் சொன்னேன். பின்னால் உதவும்.

கரிக்கு இன்னொரு வழியும் உண்டு. ஹேட்ச் என்று ஒரு பிராணி, தரைக்குள் புதைந்து தூங்கும். ஒரு நாளைக்கு 140 கிலோ பாறையைத் தின்று 70 கிலோ கரியைக் கழியும். ஒரு ஜெனரேட்டரை நாள் முழுக்க ஓட்ட எட்டு ஒன்பது ஹேட்ச் வேண்டும். பாறைக்கு விண்கல்லில் பஞ்சமில்லை. மாடு வைத்து வரட்டி தட்டுகிற யோசனைதான். ஆறு ஹேட்சைப் பிடித்துக் கட்டினோம்.

இனி ஆக்ஸிஜன். பாசியை விட்டால் அடுத்த வழி தண்ணீர். எலக்ட்ரோலைசர் என்று பள்ளிக்கூடத்து வேதியியல் யந்திரம். வினாடிக்கு ஒரு கிலோ தண்ணீரைப் பிரித்து 888 கிராம் ஆக்ஸிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தரும். ஹைட்ரஜனைத் தனி ஜெனரேட்டரில் எரித்தால் மின்சாரம் கொசுறு. சரி, தண்ணீர்? குட்டைத் தண்ணீரும் பாசி மாதிரியே தீர்ந்துபோகிற சரக்கு. அதை நம்பி ஓடினால் கெடு தள்ளிப்போகுமே தவிர நீங்காது. வற்றாத ஊற்று ஒன்று வேண்டும். விண்கல்லில் அங்கங்கே நீராவி, தண்ணீர், எரிவாயு கக்கும் ஊற்றுகள் உண்டு. உருகிய செம்பும் தங்கமும் கக்கும் எரிமலைகள்கூட உண்டு. இவை தீர்வதே இல்லை. சுரங்கத்திலிருந்து ஊற்றுக்குத் தாவுவதுதான் பிழைக்கிற வித்தை. பாசி தீர்வதற்குள் தாவ வேண்டும், பாசி என்பது அந்தத் தாவலுக்குக் கொடுத்திருக்கிற கைச்செலவு.

மச்சினன் ஊருக்கு வடகிழக்கே, சதுப்பு நிலத்தைத் தாண்டி ஒரு நீராவி ஊற்று இருந்தது. 30 நாளாக அவனுக்குத் தெரியும். "தூரமா இருந்துச்சு மாமா."

தூரம் என்பதும் செலவுதான். பக்கத்தில் இருப்பதையெல்லாம் தோண்டித் தீர்த்த பிறகு டூப்பு பாதி நாளை நடந்தே கழிக்கும். போகிற வழியில் காற்று இருக்காது. கிரானைட் குறுக்கிட்டால் அதைத் தோண்டத் தனித் திறமை கற்ற டூப்பு வேண்டும். சரக்கு தீர்வதற்கு முன்பே கட்டுப்படியாவது தீர்ந்துவிடும். கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இறங்கி வெட்டினார்கள். ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடியபோது கீழே தங்கம் துளிகூட இல்லை என்று அர்த்தமில்லை. எடுக்கிற செலவு, எடுத்த தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது.

ஊற்றின் ஆவி 110 டிகிரி. செம்புத் தாதுவில் கட்டிய பம்ப் 75 டிகிரிக்கு மேல் போனால் பழுதாகும். சதுப்பு நிலத்தில் கிடைக்கும் தங்கக் கலவைத் தாதுவில் கட்டினால் 125 வரை தாங்கும். "அது எவ்வளவுடா இருக்கு?" என்றேன்.

"இல்ல மாமா."

"என்ன பண்ணினே?"

"ஒயர் இழுத்துட்டேன்."

ஊர் முழுக்கத் தங்கக் கம்பி. எந்த உலோகத்திலும் ஓடுகிற மின்சாரத்துக்குத் தங்கத்தை இழுத்திருந்தான். கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரி மின்னியது. நல்லவேளை, இடித்தால் முழுசும் திரும்பும் என்கிற விதி இருக்கிறது. ஒரு கட்டம் ஒயரில் 25 கிலோ. 16 கட்டத்தைப் பிடுங்கினால் ஒரு தண்ணீர்ப் பம்ப்புக்கு வேண்டிய 400 கிலோ. பிடுங்கிய இடத்தில் செம்பை இழுத்தோம். எலக்ட்ரோலைசருக்கும் தங்கமே வைத்தோம். அதிலிருந்து 70 டிகிரியில் வரும் ஆக்ஸிஜனை அப்படியே ஊருக்குள் விட்டால், 30 டிகிரிக்கு மேல் தாங்காத பயிர்கள் காய்ந்துவிடும். குழாயைப் பனிப் பிரதேசத்துக்குள் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்தோம்.

இதெல்லாம் முடிக்கையில் பாசி நாலு நாளைக்குத்தான் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்து அக்கா போய் ஊற்றை அளந்துவிட்டு வந்தாள். ஊற்று எப்போதும் பொங்காது. சில நாள் பொங்கும், பல நாள் தூங்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி வினாடிக்கு ஒன்றரைக் கிலோ.

மச்சினன் இப்போது தானாகவே பேப்பரை எடுத்தான். ஒன்றரைக் கிலோ தண்ணீரில் 1,332 கிராம் ஆக்ஸிஜன். ஆளுக்கு 100 கிராம். 13 பேருக்கு வரும்.

நாங்கள் 14 பேர்.

ஹாலில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரையில் சித்தப்பா தோசை மாதிரி எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். மச்சினனின் மௌஸ் ஒவ்வொரு பெயராக நகர்ந்து என் பெயரில் வந்து நின்றது.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. ஒரு கணக்குக்குத்தான் கேக்கறேன்."

"உங்க அக்காவைக் கூப்பிடட்டுமா?"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எங்களைக் காப்பாற்றியது கக்கூஸ்தான். 72 நாளாகியும் அவன் ஊரில் தண்ணீர் இல்லாத குழிக் கக்கூஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் வைத்த கக்கூஸ் கட்டினால் ஒரு தடவைக்கு 5 கிலோ தண்ணீர் எடுத்துக்கொண்டு 11.7 கிலோ அழுக்குத் தண்ணீரை வெளியே விடும். மிச்சம் 6.7 கிலோ. (எப்படி என்று சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் யோசிக்க வேண்டாம்.) 14 பேர், நாளைக்கு ஒரு தடவை, 94 கிலோ. வடிகட்டும் யந்திரத்துக்கு அழுக்குத் தண்ணீரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மணல் வேண்டும். நாளைக்கு 33 கிலோ. பாறை நொறுக்கியதில் வந்த மணல் ஓரமாகக் குவிந்திருந்தது. அது ஆறு நாளைக்கு வரும். தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் பாறையை நொறுக்கிக்கொள்ளலாம். அந்த 94 கிலோ தண்ணீரைப் பிரித்தால் வினாடிக்கு 139 கிராம் ஆக்ஸிஜன். 1,332உம் 139உம் 1,471. தேவை 1,400. உபரி 71 கிராம்.

என் பெயர் கொண்ட டூப்பு உயிரோடு இருக்கிறது. கழுவ வேலை இல்லாமல் போனதால் ஹேட்ச் மேய்க்கப் போட்டிருக்கிறான். உத்தியோக உயர்வு என்கிறான்.

கடைசிப் பாசி யந்திரத்தை 88ஆம் நாள் அணைத்தோம். கொஞ்சம் பாசி மிச்சமிருந்தது, அவசரத்துக்கு என்று எடுத்து வைத்தோம். 103ஆம் நாள் ஊற்று தூங்கப் போனது. அக்காவின் அளவைப்படி 43 நாள் தூக்கம். அதுவரை ஒரு சொட்டு வராது. தொட்டியில் 40 டன் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். 14 பேர் மூச்சுக்கு நாளைக்கு 946 கிலோ, அதில் கக்கூஸ் வரவு 94 போக 852. தொட்டி 46 நாளைக்கு வரும்.

அன்றைக்கென்று பார்த்து அச்சு யந்திரம் மினுக்கியது. மச்சினன் திறந்து பார்த்தான். தோண்டுவதில் மகா கெட்டிக்காரன் ஒருத்தன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். கீழே பொடி எழுத்தில் ஒரு குறை போட்டிருந்தது: வாயால் மூச்சு விடுபவன். அதாவது வினாடிக்கு 100 கிராமுக்குப் பதில் 200.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரைக்கூட நகர்த்தவில்லை. அவனே எடுத்தான். கொஞ்ச நேரம் வகுத்தான்.

"40 நாளாயிடுது மாமா," என்றான், 'வேண்டாம்' பொத்தானை அழுத்திக்கொண்டே.